சிமிட்டாத கம்பி வலை

ஜூன் 9, 2025 – திங்கள்

காலையிலிருந்து நசுங்கிய பம்பர்கள். ஒரே பள்ளம், ஒரே கீறல், மூன்று வெவ்வேறு வண்டிகளுக்கு. ஒரு படம்தான் உண்மை. மற்ற இரண்டும் அதன் நகல்கள், நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றி இன்ஷூரன்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போலிப் படங்களைப் பிடிக்க நான் செய்த கம்ப்யூட்டர் மாடல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டிவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஒன்று சிக்கினால் நாற்காலியை விட்டு எழுந்து என் மேலதிகாரி அண்ணாதுரை சாரிடம் ஓடுவேன். இன்று டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

டீப் லேர்னிங் படித்துவிட்டு பெங்களூருக்குப் போகாமல் ஓசூரிலேயே, பாகலூர் ரோட்டில், டைல்ஸ் கடை மாடியில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். உண்மைப் படம், பொய்ப் படம் என்று லட்சக்கணக்கில் காட்டிக் காட்டி மாடலுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டது. எனக்குத்தான் இப்போது எந்தப் படத்தையும் சும்மா பார்க்க முடிவதில்லை. அத்தை மாந்தோப்பில் நின்று எடுத்தனுப்பிய போட்டோவைக்கூட ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கண் எரிகிறது.

ஜூன் 12 – வியாழன்

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து மாரிமுத்து என்று ஒருவர் வந்தார். மாடு செத்துவிட்டது. மாட்டின் படம் போலி என்று இன்ஷூரன்ஸில் திருப்பிவிட்டார்கள். போலி என்று சொன்னது நாங்கள். விலாசத்தை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

“ரெண்டு பஸ்ஸு மாறி வரன்மா. செத்த மாட்ட எதுக்கு நான் பொய்யா போட்டா புடிக்கணும்?”

போனை வாங்கிப் பார்த்தேன். புதுப் போன். எடுக்கிற படத்தையெல்லாம் கேட்காமலே பளபளப்பாக்கிவிடுகிறது, மனுஷ முகமோ மாட்டு முகமோ. அந்த மினுக்கலைத்தான் மாடல் போலி வேலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தவறு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “அந்த மிஷினுகிட்ட நான் ஒரு வார்த்த பேசலாமாம்மா?” என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் மணிகண்டனிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. “வுடு, இனிமே பாத்து பண்ணு” என்றார் இவர்.

ஜூன் 13 – வெள்ளி

தப்பாகச் சொல்லும்போதும் மாடல் அதே நிச்சயத்தோடுதான் சொல்கிறது. இனிமேல் ஏன் என்று என் கண்ணுக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஜூன் 17 – செவ்வாய்

இவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து நேரம் கழித்து வந்தார். சட்டையில் கறை. ஆயில் என்று நினைத்தேன்.

“பிரெஸ்ல ஒரு பையனுக்கு கை மாட்டிக்கிச்சி. வலது கை. மூணு வெரலு போயிடிச்சி.”

பெயர் தினேஷ்குமார். போச்சம்பள்ளிப் பக்கம் கிராமம். இவர் சூப்பர்வைசராக இருக்கும் லைனில் மூன்று வருடமாக வேலை செய்கிறவன். அப்பா கிடையாது, அம்மா கூலி வேலை. அதற்கு மேல் கேட்டதற்கு, “குளிச்சிட்டு வரன்” என்று போனவர் ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 20 – வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தினேஷின் அம்மா மாரம்மா, இவரைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன். கை உள்ளே போகாமல், தகட்டை அழுத்துகிற அந்த பிரெஸ் மிஷின் முன்னால் ஒரு கம்பி வலை இருக்குமாம். “அத அவனே கழட்டிட்டானாம்” என்றார்.

கழட்டிட்டானாம்.

அங்கே நின்றிருந்தது இவர். பக்கத்து லைன் ஆள் சொன்னால் ‘ஆனாம், போனாம்’ சரி. கண்ணால் பார்த்தவர் ஏன் ‘ஆம்’ போடுகிறார்? — களைப்பாக இருப்பார். நானும்தான் என்னென்னவோ யோசிக்கிறேன்.

ஜூன் 29 – ஞாயிறு

குருபரப்பள்ளிக்கு, இவர் அப்பா அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. மாங்காய் அறுப்பு. கடைசி நிமிஷத்தில் வரவில்லை என்றுவிட்டார். அத்தை போனில், “அவன் கொரலே சரியில்ல. ரெண்டு பேரும் சண்டையா?” என்றார். இல்லத்தை என்றேன். சண்டையாக இருந்தால் பரவாயில்லை.

ஜூலை 8 – செவ்வாய்

புது கேஸ். கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவர் அனுப்பியது. தொழிற்சாலை சி.சி.டி.வி. வீடியோ, இரண்டு நிமிடம், சத்தம் கிடையாது. ‘இது திருத்தப்படாத உண்மைப் பதிவு’ என்று சான்று வேண்டுமாம். கம்பெனி பெயர் இல்லை, எண் மட்டும்.

போட்டேன். பச்சைத் தரை, மஞ்சள் கோடு. ஒரு பையன் பிரெஸ் முன்னால் நிற்கிறான். கம்பி வலை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டதுபோலத் திறந்து தொங்குகிறது. இரும்புப் பீஸை எடுத்து வைக்கிறான், எடுத்து வைக்கிறான். பிறகு — அது நடக்கிறது. அவன் வாய் திறக்கிறது. சத்தமில்லை.

இடது ஓரத்திலிருந்து நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வருகிறார். நேராகப் பையனிடம் போகாமல் முதலில் மெயின் ஸ்விட்சுக்குப் போய் அணைக்கிறார். அப்புறம்தான் அவனைப் பிடிக்கிறார். பெரிதாக்கிப் பார்க்கத் தேவைப்படவில்லை. தோள் ஒரு பக்கம் சாய ஓடுகிற அந்த ஓட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

பாத்ரூமில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அண்ணாதுரை சாரிடம் சொன்னேன். “சார், இது எங்க வீட்டுக்காரர் கம்பெனி. நான் பாக்கறது சரியில்ல.”

“அஸ்வின் சேந்து ஒரு மாசங்கூட ஆவல. அவன நம்பி குடுக்க முடியுமா? நீ பாரு, அவன் பக்கத்துல இருக்கட்டும். சாதா கேஸும்மா இது.”

ஜூலை 9 – புதன்

மாடலுக்குள் விட்டோம். உண்மையா பொய்யா என்றால் பாதிக்குப் பாதி. யாரோ போனிலிருந்து போனுக்கு அனுப்பி அனுப்பி, வீடியோ தரம் குறைந்து நசுங்கிப் போயிருக்கிறது. ஒவ்வொரு கேமராவும் தான் எடுக்கும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி மணலைத் தூவிவிடும். ஒட்டு வேலை செய்த இடத்தில் அந்த மணல் மாறியிருக்கும். மாடல் தேடுவது அதைத்தான். நசுங்கினால் மணலும் போய்விடும்.

“சந்தேகமில்லைன்னு போட்டு அனுப்பிடலாமே” என்றார் சார்.

“சந்தேகம் இருக்குது சார்.”

கேமராப் பெட்டியிலிருந்து நேரடியாக எடுத்த மூலப்பதிவு வேண்டும், அது இல்லாமல் சான்று தர முடியாது என்று எழுதிவிட்டோம். தர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தராமல் இருந்தால் நல்லது என்றும் நினைக்கிறேன். என்ன பெண் நான்.

ஜூலை 14 – திங்கள்

தந்துவிட்டார்கள். கண்டுபிடிக்க முடியாது என்கிற தைரியம்.

மூலப்பதிவு என்று அனுப்பியதும் மாற்றப்பட்டதுதான். ஆனால் நசுங்காதது. மாடல் படம் முழுக்க நீலமாகக் காட்டியது — பிரெஸ், தரை, பையன், இவர், எல்லாம் நீலம். கம்பி வலை மட்டும் சிவப்பு, அங்கே ஒட்டு வேலை என்று அர்த்தம். வலையின் ஓரத்தைக் கத்தரித்ததுபோல அவ்வளவு துல்லியமாக. அஸ்வின் “அக்கா!” என்று கத்திவிட்டான். நான் கத்தவில்லை.

மாடல் சொன்னால் போதாது. ஏன் என்று தேடினேன். மதியம் சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு நொடியாக ஓட்டி ஓட்டி, கடைசியில் கண்ணில் பட்டது. பிரெஸ்ஸுக்கு மேலே ஒரு டியூப் லைட் கெட்டுப்போய்ச் சிமிட்டுகிறது. அது மங்கும்போதெல்லாம் இரும்பு மங்குகிறது, தரை மங்குகிறது, பையனின் சட்டை மங்குகிறது. வலை மங்கவில்லை. சுற்றியுள்ள எல்லாமும் அணைந்து எரியும்போது வலை மட்டும் அசையாமல் ஒரே வெளிச்சத்தில் நிற்கிறது.

வலை அங்கே இல்லவே இல்லை. பின்னால் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அவனே அவிழ்த்துவிட்டான் என்று தெரிவதற்காக.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒரு மாங்காய் லாரி கூடவே வந்தது, வீடு வரைக்கும் அந்த வாசனை.

ஜூலை 16 – புதன்

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஜூலை 20 – ஞாயிறு

சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு அந்த வலை அங்க இருந்துதாங்க?”

“எந்த வலை?”

“வீடியோவ நான் பாத்துட்டன்.”

குழாயை மூடாமல் அப்படியே திரும்பினார். “உங்க ஆபீசுக்கா வந்துச்சி?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இதற்கு முன் கேட்டதில்லை. பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏப்ரல் கடைசிலயே கழட்டியாச்சி. வலை இருந்தா பீஸு எடுத்து வெக்க லேட்டாவுது, அவ்ளோதான். மேல சொன்னாங்க, நான் கீழ சொன்னன். தினேஷுதான் ஸ்பேனரு எடுத்தாந்தான். ரெண்டு பேரும் சேந்துதான் கழட்டினம்.”

“கம்பெனில கேட்டப்ப நீங்க என்னா சொன்னீங்க?”

“அவனே கழட்டினான்னு.”

“ஏங்க?”

“ஏன்னா? நான் கழட்டினன்னு சொன்னா என்னத் தூக்கி உள்ள வெப்பாங்க. மேல சொன்னாங்கன்னு சொன்னா வேலை போவும். எப்டி சொன்னாலும் அவனுக்கு வெரலு மொளைக்கப் போவுதா?”

நான் போய்க் குழாயை மூடினேன். அவரே மறுபடி பேசினார். “உன் மிஷினு தப்பாவும் சொல்லும்னு நீதான சொன்ன? மாட்டுக்காரர நெனச்சி அழுதியே. இதையும் தப்பா சொல்லிடிச்சின்னு வெச்சிக்க.”

“மிஷின வுடுங்க. நான் கண்ணால பாத்தன்.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என்ன மனுஷன் இவரு? ரோட்டுல அடிபட்டுக் கெடந்த நாயத் தூக்கிக்கிட்டு டாக்டரத் தேடி ஓடினவருதான. மெயின் ஸ்விட்ச அணைக்கணும்னு அந்த நேரத்துல எத்தன பேருக்குத் தோணும்? அது தோணின அதே ஆளுக்கு மறுநாளு இப்டி ஒரு பொய்யச் சொல்ல எப்டி வாய் வந்துச்சி? எனக்கு யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல.

ஜூலை 21 – திங்கள்

ஆளுக்கொரு டம்ளர் காபி, அவரவரே போட்டுக் குடித்தோம்.

ஜூலை 23 – புதன்

எழுதிவிட்டேன். ‘வலை பதிவில் பின்னர் சேர்க்கப்பட்டது.’ சிமிட்டுவதையும் சிமிட்டாததையும் படம் படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் கணவர் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார், வீடியோவில் தெரிகிறார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதினேன். அஸ்வின் தனியாக ஒரு தடவை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு அவனும் கையெழுத்துப் போட்டான்.

அண்ணாதுரை சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ரிப்போர்ட் நல்லா இருக்குதும்மா. அதான் பிரச்சனை.”

“வேண்டாம்னா சொல்லுங்க சார்.”

“‘முடிவு சொல்ல இயலாது’ன்னு ஒரு வரி போதும். யாருக்கும் நோவாது.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆனா முடிவுதான் தெரியுதே. எப்டி இயலாதுன்னு எழுதறது? அனுப்பு.”

வீட்டில் சொன்னேன். “அனுப்பிட்டன்.” இவர் தலையை ஆட்டினார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

கம்பெனி வக்கீல் போன் செய்தார். ரிப்போர்ட் கிடைத்ததாம், நன்றியாம், அதை அவர்கள் எங்கேயும் தாக்கல் செய்யப் போவதில்லையாம். “நாங்க கேட்டு வாங்கினது, எங்களுக்கு உபயோகப்படல. அவ்வளவுதான் மேடம்.” சான்று இல்லாமலே வீடியோவைக் கொடுத்துக்கொள்கிறார்களாம். ஒப்பந்தப்படி நாங்களும் வெளியே பேசக் கூடாது.

அவ்வளவுதான். நான் தூங்காதது, சாப்பிடாதது, இந்த வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சில்லாதது — எல்லாம் யாரோ ஒருத்தர் மேஜை டிராயருக்குள். போலியைக் கண்டுபிடிக்க ஒரு மாடல் செய்துவிட்டேன். கண்டுபிடித்ததை யார் காதில் போடுவது என்பதற்கு ஒன்றும் செய்யவில்லை.

இவரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியாமலே. ‘தப்பிச்சீங்க’ என்று அர்த்தமாகும்படி சொன்னேனோ என்னவோ. இவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அத்தை பாயசம் வைத்து அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

நாளைக்குத் தொழிலாளர் அதிகாரி முன்னால் தினேஷின் விபத்து பற்றி விசாரணை. இவர்தான் கம்பெனி தரப்புச் சாட்சி. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்:

“அந்த வீடியோல நான் எப்டி இருக்கறன்?”

“எப்டின்னா?”

“அவன் கத்தனப்ப. ஓடி வந்தனா, நின்னுட்டனா? எனக்கு நெனவே இல்ல. நான் ரொம்ப நேரம் அப்டியே நின்னுட்டாப்பலவே இருக்குது. தெனமும் அதான் வருது.”

“நிக்கல. உடனே ஓடி வந்தீங்க. மொதல்ல ஸ்விட்ச அணச்சீங்க.”

“நெஜமாவா?”

“வீடியோல அந்த எடத்த யாரும் மாத்தல. நான் பாத்துட்டன், மாடலும் பாத்துடிச்சி. அது உண்மைதான்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் கிட்டே போகவில்லை. போயிருக்கலாம்.

நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13 – புதன்

வேலையில் ஒன்றும் ஓடவில்லை. ஒரே டிராக்டர் படத்தை நாலு தடவை பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: “சொல்லிட்டன்.”

வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம். வக்கீல், இந்த வலையைத் தினேஷ்குமார்தானே அவிழ்த்தார் என்று கேட்டிருக்கிறார். “இந்த வலை அன்னிக்கு அங்க இல்லீங்க. ஏப்ரல் மாசமே கழட்டியாச்சி. கழட்டச் சொன்னது நான். எனக்குச் சொன்னது மேனேஜரு” என்றாராம். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லுங்கள் என்றிருக்கிறார். மறுபடி சொன்னாராம். கேமராப் பெட்டியையே கொண்டுவரச் சொல்லி உத்தரவு ஆகியிருக்கிறது.

“மாரம்மா இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“ஏதாவது பேசினாங்களா?”

“என்னாத்தப் பேசுவாங்க? பாத்தாங்க.”

சாதமும் ரசமும் வைத்தேன். சாப்பிட்டார். மூன்றாம் தடவை சாதம் கேட்டார்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

சஸ்பெண்ட்.

செப்டம்பர் 4 – வியாழன்

கம்பெனி வீடியோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கேமராப் பெட்டி ‘பழுதாகிவிட்டதாம்’. அதிகாரி நம்பவில்லை. தினேஷ் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார். எல்லா பிரெஸ்ஸுக்கும் வலை மாட்டிவிட்டார்கள் என்று இவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் போனில் சொன்னார். இவர் மேலும் மேனேஜர் மேலும் தனியாக கேஸ் வரும். எப்போது, எப்படி, தெரியாது. இவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அத்தைக்குச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்து எடுத்து வைக்கிறார்.

செப்டம்பர் 23 – செவ்வாய்

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், சின்ன ஒர்க்‌ஷாப். சூப்பர்வைசர் இல்லை, மறுபடி ஆப்பரேட்டர். முதலாளி கன்னடம், கூட வேலை செய்கிறவர்கள் ஒடிசாக்காரர்கள். “பேச ஆளில்ல, அதுவும் நல்லதுதான்” என்கிறார். நின்றே இருப்பதால் கால் வீங்குகிறது. சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாள் அவர் முகத்தைப் பார்க்கும்போது ‘அவனே கழட்டினான்’ என்று சொன்ன வாய் என்று தோன்றிவிடுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

ஆபீசில் வக்கீல் வேலைகள் வருவது நின்றுவிட்டது. பம்பர்கள் வருகின்றன. அண்ணாதுரை சார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அக்டோபர் 12 – ஞாயிறு

காலையில் இவர் போன் அடித்தது. குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். பெண் குரல்.

“மணிகண்டன் சாரு இருக்காருங்களா? நான் தினேஷு அம்மா பேசறன்.”

குளிக்கிறார் என்றேன். அந்த அம்மா தொடர்ந்தார். கைக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டரிடம் தினேஷ் போக மாட்டேன் என்கிறானாம். இரண்டு தடவை பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிட்டானாம். “யாரு சொன்னாலும் கேக்க மாட்டன்றான். அவரு கூப்ட்டா போறன்றான்மா. அவருகிட்ட சொல்றீங்களா?”

கோபம் போய்விட்டதா என்றால் அந்தக் குரலில் அப்படித் தெரியவில்லை. மகனுக்காகக் கேட்டார். அவ்வளவுதான்.

தலை துவட்டிக்கொண்டே வந்தவரிடம் சொன்னேன். துண்டைக் கொடியில் போட்டார்.

“என்னிக்காம்?”

“வியாழக்கெழம.”

“லீவு சொல்லிடறன்.”

“சேந்து ஒரு மாசங்கூட ஆவலயே. குடுப்பாங்களா?”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, போச்சம்பள்ளிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போனார்.

நானும் போவதாக இருக்கிறேன். தினேஷை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவன் கத்துவதை மட்டும் எத்தனையோ தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.